மலை சொல்லும் சாங்மான்

குக் சாங்மான் எந்த மலையைச் சொல்கிறாரோ அந்த மலைக்குத்தான் நாங்கள் சீசன் பாஸ் வாங்குவோம். ஒன்பது குளிர்காலமாக அதில் மறுபேச்சு கிடையாது. இத்தனைக்கும் எங்கள் நால்வரில் யாருக்கும் யாரும் சொந்தமில்லை. பனிச்சறுக்குப் பைத்தியங்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் அறிமுகமாகி, நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை கொரியாவின் காங்வொன் மலையடிவாரத்தில் ஒரு ஃப்ளாட்டை வாடகைக்குப் பிடித்து, வெள்ளிக்கிழமை மாலை போய் ஞாயிறு மாலை திரும்புகிற கூட்டம். அதற்குச் சீசன் வீடு என்று பெயர். சீசன் வீடு என்றால் ஒரு தலைவர் வேண்டும். எங்கள் தலைவர் சாங்மான்.

பிழைப்பு சலவைக்கடை. இன்ச்சோனில் பூப்யோங் சந்தைக்குப் பின்தெருவில் இருக்கிறது. வயது ஐம்பத்து நான்கு. மனைவி பிரிந்துபோய்ப் பதிமூன்று வருடம் ஆகிறது. கடைக்குப் பின்னால் ஒரு அறை, அதில் ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, அவ்வளவுதான் வீடு. சலவைக்கடைக்குச் சனிக்கிழமைதான் வரும்படி நாள். குளிர்காலம் பிறந்துவிட்டால் அந்தச் சனிக்கிழமையே ஷட்டரை இழுத்துவிட்டு எங்களோடு கிளம்பிவிடுவார். கல்யாணக் கோட்டு வாங்க வந்தவர்கள் மூடிய கடைமுன் நின்று திட்டிவிட்டுப் போவார்களாம். அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

அக்டோபரில் ஒருநாள் பூப்யோங்கில் பன்றி எலும்புக் குழம்புக் கடையில் கூடுவோம். முன்பதிவுத் தள்ளுபடி முடிவதற்குள் மலையை முடிவுசெய்தாக வேண்டும். பாஸில் நம் படம் ஒட்டியிருக்கும்; ஒரு மலைக்கு வாங்கினால் அந்த வருடம் அந்த மலைதான், வேறொருவருக்குக் கொடுக்கவும் முடியாது. தப்பான மலையைப் பிடித்தால் குளிர்காலமே பாழ். அதனால் அந்தக் கூட்டத்தில் நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருப்போம். அவர் எலும்பை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொருவருக்காகவும் யோசிப்பார்.

"கும்ஹீக்கு முட்டி சரியில்ல, அகலமான பாதை வேணும். ஹான்சோல் குதிக்கணும்பான், அவனுக்கு மேடு கட்டி வச்ச இடம் வேணும். மிரான் சுவோன்லேர்ந்து பஸ்ல வரணும், பயமும் ஜாஸ்தி. வடக்குப் பாத்த மலை வேண்டாம், காலைல பனி கல்லாட்டம் இருக்கும்."

கும்ஹீ அக்கா மழலையர் பள்ளியில் சமையல்காரி, நாற்பத்தெட்டு வயது, ஒரு வொன் காசு கீழே விழுந்தாலும் ஒன்பது தடவை தேடுகிறவள். ஹான்சோல் முப்பத்து மூன்று வயதுப் பையன், செல்போன் பழுதுபார்க்கும் கடையில் இருக்கிறான், வாய் கொஞ்சம் நீளம். பயம் ஜாஸ்தி என்று அவர் சொன்ன மிரான் நான்தான். பல் ஆஸ்பத்திரியில் வேலை. எனக்குக் கோபமும் ஜாஸ்தி, அதை அவர் சொல்லமாட்டார்.

எந்த மலையில் பனி பீய்ச்சும் இயந்திரம் எத்தனை, எந்த நாற்காலி லிஃப்டில் எத்தனை மணிக்கு வரிசை நீளும், எந்தப் பாதையில் மதியம் வெயில் விழுந்து பனி கூழாகும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். சொன்னது ஒருமுறையும் தப்பியதில்லை. பதினோரு வருடமாகத் தலைவர். நான் சேர்ந்தபோதே அவர் பெயர் பெரிய பெயர்.

வெள்ளிக்கிழமை மாலையில் கடையிலிருந்து கொண்டுவந்த பழைய இஸ்திரிப்பெட்டியைச் சூடேற்றி எங்கள் எல்லோருடைய ஸ்கீ பலகையின் அடியிலும் மெழுகை உருக்கித் தேய்த்துக் கொடுப்பார். சட்டைக் காலரைத் தேய்க்கிற அதே நிதானம். கடைசியில் தன்னுடையதையும் தேய்த்துக்கொள்வார். சனிக்கிழமை காலை நால்வரும் ஒன்றாகத்தான் கிளம்புவோம். அடிவாரத்தில் ஹெல்மெட், கண்ணாடி, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு, "நீங்க போங்க, நான் அந்தப் பக்கம் போறேன்" என்று கையை வீசுவார். அந்தப் பக்கம் என்றால் செங்குத்துப் பாதை என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். எங்கள் ஊரில் வயதில் மூத்தவரிடம் சாப்பிட்டீங்களா என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். செய்து காட்டுங்கள் என்று கேட்க முடியாது. கேட்டால் நம் வளர்ப்பைத்தான் பேசுவார்கள்.

போன வருடம் அவர் சொன்ன மலை சோல்மே. புது நிர்வாகம் வந்திருந்தது, பாஸ் பாதி விலை. ஹான்சோலுக்கு மனமில்லை. "பாதி விலைன்னா ஏதோ பல்லு சொத்தையா இருக்கு அண்ணே" என்றான், என்னைப் பார்த்துக் கண்ணடித்து. சாங்மான் கேட்கவில்லை. "பனி நல்ல பனிடா. நான் சொல்றேன் இல்ல" என்றார். வாங்கினோம். பனி உண்மையிலேயே நல்ல பனிதான்.

ஜனவரி மூன்றாவது சனிக்கிழமை. காலைச் சாப்பாட்டுக்குக் கிம்ச்சிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான்கு போன்களும் ஒரே நேரத்தில் ஒலித்தன. சோல்மே மலையிலிருந்து செய்தி: நிர்வாகக் காரணங்களால் நாளையோடு மலை மூடப்படுகிறது. சீசன் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு, பயன்படுத்திய நாட்களைக் கழித்து மீதி திருப்பித் தரப்படும்.

எனக்குக் கையிலிருந்த கரண்டி நழுவிக் குழம்பிலேயே விழுந்துவிட்டது. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. வீட்டு வாடகை மார்ச் வரைக்கும் கொடுத்தாயிற்று. இந்த நேரத்தில் வேறு எந்த மலையும் பாஸ் விற்காது. சாங்மான் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார். முகம் வெள்ளைத்துணி மாதிரி ஆகிவிட்டது.

"நான்தான் சொன்னேன்" என்றான் ஹான்சோல்.

"சும்மா இருடா. அவருக்கு மட்டும் ஜோசியமா தெரியும்?" என்றாள் கும்ஹீ அக்கா. "முதல்ல பணத்த வாங்கணும். கிளம்புங்க. இன்னிக்கே போய் நிக்கலைன்னா நாளைக்குக் கைய விரிச்சிடுவாங்க."

"நீங்க போய்ட்டு வாங்க. எனக்கு வேண்டாம்" என்றார் சாங்மான்.

"வேண்டாமா? உங்க பணம் என்ன மரத்துலயா காய்க்குது?"

விடுவாளா அவள்? சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பாஸ் அலுவலகத்தின் முன் வரிசை வாகனம் நிறுத்துமிடம் வரை நீண்டிருந்தது. சிலர் அழுதார்கள், சிலர் கத்தினார்கள். இரண்டு மணி நேரம் பனியில் நின்று உள்ளே போனோம். கவுண்டரில் ஒரு சின்னப்பெண், தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருந்தாள். நான் பதினேழு நாள். கும்ஹீ அக்கா பதினாறு. ஹான்சோல் வாரநாட்களிலும் ஓடிவந்தவன், இருபத்தாறு நாள், அவனுக்குக் கிடைத்தது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

சாங்மான் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தார். கும்ஹீ அக்கா அவருடைய மேல்சட்டைப் பையில் கையைவிட்டுப் பாஸை உருவிக் கவுண்டரில் வைத்தாள்.

"வேண்டாம் விடு கும்ஹீ. விடுன்றேன்ல" என்றார். குரல் ஏறியது. அவர் குரல் ஏறி நான் கேட்டதே இல்லை.

அந்தப் பெண் பாஸைக் கருவியில் வைத்தாள். திரையைப் பார்த்தாள். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தாள்.

"பயன்படுத்திய நாள் பூஜ்ஜியம் சார். முழுத் தொகையும் உங்க கணக்குக்கு வந்திடும்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "யாருப்பா அந்த அதிர்ஷ்டசாலி?" என்று ஒருவன் கேட்டான். ஒன்பது வார இறுதி. ஒன்பது வாரமும் எங்களோடு ஸ்கீயைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து வந்த மனிதர். கருவி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் கருவியைப் பார்க்கவில்லை, தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குத் திரும்பினோம். செருப்பு மாடத்தில் பூட்ஸைக் கழற்றும்போதே ஹான்சோல் ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணே, ஒரே ஒரு கேள்வி. ஒரு நாள் கூட ஏறலையா?"

அவர் குனிந்து பூட்ஸின் கொக்கியை அவிழ்த்தார்.

"ஏறினா பணம் கழியும். ஏறாம இருந்தா முழுசா வரும். மூடப் போறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அதான?"

"தெரிஞ்சா இவரு எதுக்குடா வாங்கணும்?" என்றாள் கும்ஹீ அக்கா.

"தலைவர் வாங்கினாத்தானே நாம வாங்குவோம் அக்கா? ஆள் பிடிச்சுக் குடுத்தா தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன் உண்டு. என் சிநேகிதன் வீட்டுத் தலைவன் வாங்குறான். நான் பாதி விலைன்னப்பவே சொன்னேன். 'பனி நல்ல பனிடா'ன்னாரு. நம்மள வித்துட்டாரு அக்கா."

அபாண்டம் என்று அவர் கத்துவார், ஹான்சோலின் கன்னத்தில் ஒன்று விடுவார் என்று காத்திருந்தேன். சாங்மான் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தார். நீண்ட மூச்சு ஒன்று விட்டார்.

"ஆமா" என்றார்.

என் தலையில் யாரோ கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. கும்ஹீ அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன ஆமா?"

"தெரியும். கமிஷன் வாங்கினேன். போதுமா? நான் கிளம்புறேன்."

சமையலறைக்குப் போய்த் தன் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். ஹான்சோல் சுவரில் ஓங்கிக் குத்தினான். எனக்கு அந்த வீட்டில் நிற்க முடியவில்லை. ஒன்பது வருடம் நான் அண்ணே அண்ணே என்று கூப்பிட்டவர் எங்கள் தலையை எண்ணிக் காசு வாங்கியிருக்கிறார். வாயில் வந்த வசவையெல்லாம் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு, மலையடிவாரத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தே போனேன். பாஸையும் திருப்பிக் கொடுத்தாயிற்று, வேறு போக்கிடம் இல்லை.

நூடுல்ஸ் விற்கிற அம்மாள் கிண்ணத்தை வைத்துவிட்டு என் சிவப்பு மேல்சட்டையை உற்றுப் பார்த்தாள்.

"நீ மிரான்தான? உங்க அண்ணன் எங்கம்மா இன்னிக்கு?"

"எந்த அண்ணன்?"

"அதான், ஜன்னல் அண்ணன். நாளைக்கோட மூடுறோமே, சொல்லிக்காமயே போயிடுவாரா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றேன். அவளுக்கு நான் நடிக்கிறேனோ என்று சந்தேகம்.

"நீல ஹெல்மெட்டு, பெரிய காது. காலைல ஒன்பதுக்கு வருவாரு. ஸ்கீய வெளிய சாத்தி வச்சிட்டு அந்தத் தூண் பக்கத்து ஜன்னல்ல உக்காருவாரு. ஒரு காபி, மதியம் ஒரு நூடுல்ஸ். நாலு மணிக்கு எந்திரிப்பாரு. லிஃப்டு வரிசைய எண்ணுவாரு. பனி அடிக்கிற பசங்க சாப்பிட வந்தா அவங்ககிட்ட உக்காந்து ஒவ்வொண்ணா விசாரிப்பாரு. முட்டி வலின்னாரு. முட்டி வலிக்கிற மனுஷன் வாராவாரம் எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்? கேக்கத் தோணும், கேக்கல, பெரியவரு."

"நாங்க யாருன்னு..."

"உங்கள எனக்குத் தெரியாதா? 'அந்தச் சிவப்புச் சட்டை எங்க தங்கச்சி மிரான். போன மாசம் வரைக்கும் பின்னால சாஞ்சு சாஞ்சு வந்தா. இன்னிக்குப் பாருங்க, முட்டிய மடக்குறா'ன்னு எனக்குக் காட்டுவாரு. ஒரு பையன் குதிச்சு விழுந்தான் பாரு, புது வருஷத்தப்போ? நாற்காலிய உதறிட்டு வெளிய ஓடினாரு. அவன் எந்திரிச்சு நின்னதும் திரும்பி வந்து உக்காந்தாரு. நூடுல்ஸ் ஆறிப்போச்சுன்னு நான் வேற ஒண்ணு குடுத்தேன்."

பின்னால் சாயாதே என்று அவர் என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் பன்றிக்கறியைப் புரட்டிக்கொண்டே சொன்னார். எனக்குப் பின்னாலேயே சறுக்கி வந்து பார்த்திருக்கிறார் என்று நான் பெருமைப்பட்டேன். நூடுல்ஸை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். பனியில் இரண்டு தடவை விழுந்து எழுந்தேன்.

அவர் கார் டிக்கியை மூடிக்கொண்டிருந்தார். மேலே வீட்டில் ஜன்னல் திரை இழுத்து விடப்பட்டிருந்தது.

"அண்ணே, உங்களுக்கு ஸ்கீ தெரியுமா தெரியாதா?"

டிக்கியில் வைத்த கையை எடுக்கவில்லை. அவரது பெரிய காது இரண்டும் சிவந்துபோயின. "சோறு விக்கிறவங்ககிட்டப் பேசக்கூடாது" என்றார்.

"தெரியுமா தெரியாதா?"

"ஒரு தடவ ஏறியிருக்கேன்."

"எத்தன வருஷத்துல?"

"பதினோரு வருஷத்துல." திரும்பி நின்றார். "முதல் வருஷம், முதல் நாள். எனக்கு நாப்பத்தி மூணு வயசு. லிஃப்டுல ஏறிட்டேன். உச்சில இறங்கத் தெரியல, பயம். நாற்காலி என்னைச் சுத்திக் கீழ கூட்டிட்டு வந்துடுச்சு. எதிர்ல ஏறி வர்றவங்க அத்தன பேரும் பாத்தாங்க. சின்னக் குழந்தைங்க கையாட்டுது. ஸ்பீக்கர்ல வேற, 'பச்சைச் சட்டை ஐயா, அசையாம உக்காருங்க'ன்னு மூணு தடவ சொல்றான். மலை பூரா கேட்டிருக்கும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கினேன்.

"வீட்டுக்கு வந்தேன். அப்ப இருந்த பசங்க, 'எப்படி அண்ணே இருந்துச்சு'ன்னாங்க. 'இன்னிக்குப் பனி கனமா இருக்கு'ன்னேன். எல்லாரும் தலைய ஆட்டினாங்க. நாளைக்கு எந்தப் பாதைல போகலாம்னு என்கிட்டக் கேட்டாங்க. மிரான், என்கிட்ட அதுக்கு முன்னால யாரும் எதுவும் கேட்டதில்ல. கறை போகுமா, எப்பக் கிடைக்கும், இந்த ரெண்டுதான் கேப்பாங்க. அப்புறம் எப்படி நான் சொல்றது?"

"அதுக்காகத் திருடன்னு ஒத்துக்குவீங்களா? மேல வாங்க. நான் சொல்றேன் அவங்ககிட்ட."

பதறிப்போய் என் கையைப் பிடித்தார். "சொல்லாத. திருடன்னா ரெண்டு வருஷம் திட்டுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. திருடனுக்காவது ஒரு மரியாதை இருக்கு. இது தெரிஞ்சா சிரிப்பாங்க. சாகுற வரைக்கும் சிரிப்பாங்க. சொல்லமாட்டேன்னு சொல்லு."

தலையை ஆட்டினேன். கார் போய்விட்டது.

இரண்டு மணி நேரம்தான் தாங்கினேன். ஹான்சோல் சோஜு சாராயத்தை ஊற்றிக்கொண்டு, "அந்தத் திருட்டுப் பய" என்று நான்காவது தடவை சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இருவரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஜன்னல், காபி, பதினோரு வருடம் மெழுகு தேய்த்து ஒருநாளும் பனியில் சறுக்காத ஸ்கீ. கும்ஹீ அக்காவின் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன்.

அப்புறம் பச்சைச் சட்டை ஐயாவைச் சொன்னேன். ஹான்சோலின் மூக்கு வழியாகச் சோஜு வெளியே வந்தது. கும்ஹீ அக்கா தரையை அடித்து அடித்துச் சிரித்தாள். 'அசையாம உக்காருங்க' என்று அவன் வாயருகே கரண்டியை வைத்துக்கொண்டு அறிவித்தான். நானும் சிரித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதெல்லாம் பொய். வயிறு வலிக்க, அவர் சொன்ன மாதிரியே சிரித்தேன்.

ஹான்சோல் கெட்டவன் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று துடித்தான். எங்கள் நால்வரின் குழுவில் செய்தி போட்டான்: "அண்ணே, திருடன்னு சொன்னது என் தப்பு. கால்ல விழுறேன். அடுத்த வருஷம் நானே ஸ்கீ கத்துத் தர்றேன், குழந்தைங்க பாதைல." கூடவே சிரிக்கிற முகம் மூன்று. போனைப் பிடுங்க நான் கை நீட்டுவதற்குள் அனுப்பிவிட்டான். எங்கள் மூன்று பேருக்கும் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. ஒரு நிமிடம் கழித்துத் திரையில் ஒரு வரி வந்தது. குக் சாங்மான் குழுவிலிருந்து வெளியேறினார்.

அதன் பிறகு போன் எடுக்கவில்லை. பிப்ரவரி போயிற்று, வசந்தம் வந்தது, கோடை போயிற்று. ஹான்சோல் மூன்று தடவை கடைக்குப் போய்த் தெருமுனையிலிருந்தே திரும்பி வந்திருக்கிறான். கும்ஹீ அக்கா கிம்ச்சி ஊறுகாய் ஒரு டப்பா அனுப்பினாள். டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது, உள்ளே ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை.

அக்டோபர் வந்தது. மூன்று பேரும் அதே எலும்புக் குழம்புக் கடையில் கூடினோம். தள்ளுபடிக்கு அன்றுதான் கடைசி நாள். ஹான்சோல் தல்பிட் மலை என்றான், விளம்பரம் பார்த்தானாம். கும்ஹீ அக்கா அகலப் பாதை உண்டா என்று கேட்டாள், அவனுக்குத் தெரியவில்லை. என் பஸ்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை. "எதையாவது வாங்கித் தொலைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். என் குளிர்காலக் கோட்டு பையில் இருந்தது. ஐந்து நிமிட நடைதான்.

கடையில் நீராவி புகைந்துகொண்டிருந்தது. சாங்மான் நிமிர்ந்தார்.

"வாங்க. துணி கொண்டு வந்திருக்கீங்களா?"

வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல். ஒன்பது வருடம் மிரான், வா, தின்னு, தூங்கு என்று அதட்டியவர். இதைவிடக் கன்னத்தில் ஒரு அறை வாங்கியிருக்கலாம். கோட்டை மேசையில் வைத்தேன்.

"வெள்ளிக்கிழமை கிடைக்கும்" என்று சீட்டு எழுதினார்.

"அண்ணே, என்னை மன்னிச்சுடுங்க. நானும்தான் சிரிச்சேன்."

"கறை ஏதாவது இருக்கா?"

வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், "ஹான்சோல் தல்பிட்டுக்குப் பாஸ் வாங்கப் போறான். இன்னிக்கு ஆறு மணியோட தள்ளுபடி முடியுது" என்றேன்.

எழுதுகிற கை நின்றது.

"எங்க?"

"தல்பிட்."

"அந்த மடையனுக்கு அறிவிருக்கா?" மேசையில் அடித்ததில் ஊசிப்பெட்டி எகிறி விழுந்தது. "ஏழு லிஃப்டு இருக்கும், மூணுதான் ஓடும்! பத்து மணிக்கு வரிசை கழிப்பறை வரைக்கும் வந்துடும்! கும்ஹீ முட்டியோட அங்க முக்கால் மணி நேரம் நிப்பாளா? உன் பஸ்ஸு அந்தப் பக்கமே போகாது!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நாம தல்பிட்டுக்குப் போனதே இல்லையே."

வாயை மூடிக்கொண்டார். தரையில் கிடந்த ஊசிகளைப் பொறுக்கினார். "பிப்ரவரில போனேன்" என்றார், குனிந்தபடியே. "நாலு சனிக்கிழமை. அது சரியில்லைன்னு மார்ச்ல இன்னொரு மலைக்குப் போய் உக்காந்து பாத்தேன். அது நல்லா இருக்கு."

வீடு இல்லை, கூட்டம் இல்லை, போனில் எங்கள் பெயரே இல்லை. அப்போதும் சனிக்கிழமை ஷட்டரை இழுத்துவிட்டு, தன்னந்தனியாக ஏதோ ஒரு ஜன்னலில் உட்கார்ந்து எங்களுக்காக மலை பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து இருபத்தைந்து.

"சிரிப்பாங்களா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சிரிப்பாங்க அண்ணே."

சீட்டுப் புத்தகத்தை மூடினார். பிறகு நீராவிக் குழாயை அடைத்துவிட்டு ஷட்டரை இழுத்தார்.

குழம்புக் கடையில் எங்களைப் பார்த்ததும் ஹான்சோல் எழுந்து நின்றான். நாற்காலி பின்னால் விழுந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான், வந்தது சிரிப்பு. கும்ஹீ அக்கா கைத்துண்டால் வாயை மூடினாள், தோள் குலுங்கியது. அப்புறம் அவளும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். சாங்மான் காது சிவக்க, கையைக் கட்டிக்கொண்டு, அவர்கள் முடிக்கும்வரை நின்றார். ஓடிப்போகவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார். "அந்தப் போனைக் கீழ வைடா. முதல்ல முட்டிக்காரி விஷயத்தப் பேசுவோம்."

உட்கார்ந்தார். மலையைச் சொன்னார், லிஃப்டைச் சொன்னார், என் பஸ் எத்தனை மணிக்கு என்பதைக்கூடச் சொன்னார். ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. ஹான்சோல் போனில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தயங்கினான். என்னைப் பார்த்தான், கும்ஹீ அக்காவைப் பார்த்தான். கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"அண்ணே, பாஸ் மூணா, நாலா?"

சாங்மான் கிண்ணத்திலிருந்து ஒரு எலும்பை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தார்.

"மூணு போதும்" என்றார். "ஜன்னல்ல உக்கார யாரும் பாஸ் கேக்கறதில்ல."